உங்கள் சுபாவத்துக்கு ஏற்ற பாதுகாப்பு: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த கே தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

பால்வினை நோய் பற்றி நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பெரும்பாலும் மிரட்டல்தான். மண்டை ஓட்டுப் படம், சிவப்பு எழுத்து, கடைசியில் "ஒருவனுக்கு ஒருத்தி". ஒருவனுக்கு ஒருவன் என்று இருப்பவன் அதைப் படித்து என்ன செய்வான்? இது நமக்கில்லை என்று நகர்ந்துவிடுவான்.

நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் ஏற்கெனவே சில பலங்கள் இருக்கின்றன. மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பத் தவறாதவர், ஒரே அறையில் பத்துப் பேரோடு சண்டையில்லாமல் காலம் தள்ளுபவர், அம்மாவிடம் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, நண்பனிடம் ஒன்று என மூன்று வாழ்க்கையைக் குழப்பாமல் நடத்துபவர். இதெல்லாம் சாதாரணத் திறமை இல்லை. இவற்றையே உடம்பைக் காத்துக்கொள்ளவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு பலமும் ஏதோ ஓரிடத்தில் காலை வாரிவிடும். அந்த இடம் தெரிந்தால்தான் எந்தப் பாதுகாப்பு முறை உங்களுக்குப் பொருந்தும் என்பது தெரியும். எல்லாருக்கும் ஒரே முறை என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நண்பனுக்கு ஒத்துப்போனது உங்களுக்கு ஒரு மாதம்கூடத் தாங்காமல் போகலாம்.

வேலைக்கோ படிப்புக்கோ ஊரிலிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்து இப்போதுதான் இந்த வட்டத்துக்குள் கால் வைப்பவர்கள், இரண்டு பேரையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: இங்குள்ள விதிகள்

ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை. ஆகவே மருத்துவரிடம் "நான் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்பவன்" என்று சொல்வதால் சட்டப்படி உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாவிட்டால் சரியான பரிசோதனையும் நடக்காது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளிநாட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை அனுமதி, நீண்டகால அனுமதி ஆகியவற்றுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவியும் உண்டு. தொற்று இருந்தால் அனுமதி கிடைக்காது; கையில் இருப்பதும் ரத்தாகும். குறுகிய கால வருகையாளர்களுக்கான தடை மட்டும் 2015-ல் விலக்கப்பட்டது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. மருந்து சாப்பிடும் ஒருவர் யாருக்கும் ஆபத்தில்லை என்று அறிவியல் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் இருக்கிற விதி இது. இந்த விதிக்குப் பயந்து பரிசோதனையையே தவிர்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

தொற்றுநோய்கள் சட்டத்தின்படி, தனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தவர் உறவுக்கு முன்பே இணையிடம் சொல்லி, அவர் விரும்பிச் சம்மதித்த பிறகே நெருங்க வேண்டும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தும் திருத்தத்தை 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் நிபந்தனைகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொற்று இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது என்றால், அந்தச் சட்டம் அவரையும் சும்மா விடுவதில்லை. பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அல்லது சொல்ல வேண்டும், அல்லது தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்.

ஆணுறை போட்டிருப்பதாக நம்பவைத்து நடுவில் கழற்றுவதும் இங்கே குற்றம். பாதுகாப்பு முறை பற்றிப் பொய் சொல்லிச் சம்மதம் வாங்குவதைத் தண்டிக்கும் பிரிவு 2020 ஜனவரி 1 முதல் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது.

இரண்டாவது படி: உங்கள் பலம் எது?

2004-ல் கிறிஸ்டஃபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனிதர்களின் நற்பண்புகளை 24 ஆகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். துணிவு, இரக்கம், நகைச்சுவை, தன்னடக்கம், முன்யோசனை, கற்கும் ஆர்வம் என்று போகும் அந்தப் பட்டியல். அதற்கான கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, விருப்பமிருந்தால் போட்டுப் பாருங்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று யோசியுங்கள். கடன் கேட்கவா, வழி கேட்கவா, சண்டையைத் தீர்த்துவைக்கவா, சிரிக்கவா, ரகசியம் சொல்லவா? பதில் அங்கேயே இருக்கிறது.

கட்டுப்பாடுள்ளவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலாரம் அடித்தால் எழுந்துவிடுவார்கள், மாத்திரையை மறக்கமாட்டார்கள். இவர்களுடைய சிக்கல், வெள்ளிக்கிழமை இரவு நாலு பீருக்குப் பிறகு அதே கட்டுப்பாடு தானாக வரும் என்று நம்புவது. வராது. முடிவைக் குடிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இரக்கமும் அன்பும் மிகுந்தவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள். நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்றால் பிறர் மனம் நோகாமல் நடப்பவன் என்று அர்த்தம். அப்படி வளர்ந்தவன் படுக்கையில் மட்டும் எப்படித் திடீரென்று "வேண்டாம்" என்பான்? எதிரில் இருப்பவர் ஆணுறை வேண்டாம் என்று முகம் சுளித்தால், அவர் வருத்தப்படக் கூடாதே என்று இவர் விட்டுக்கொடுத்துவிடுவார். அவர் வயதில் மூத்தவராகவோ, வெள்ளைக்காரராகவோ, நல்ல சம்பளக்காரராகவோ இருந்தால் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுப்பார். நம் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கும் டேட்டிங் செயலிகளில் நாலு பேர் பதில் போடாமல் போனபின் ஐந்தாவது ஆள் "வா" என்றால், அந்த நன்றியுணர்வே ஆபத்தாகிவிடும். இவர்களிடம் "உறுதியாக இருங்கள்" என்று சொல்லி என்ன பயன்? அவர்கள் சுபாவத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்கிறோம். எதிராளியின் ஒத்துழைப்பே தேவைப்படாத பாதுகாப்பு இவர்களுக்கு வேண்டும். வீட்டிலேயே, தனியாக, யார் முகத்தையும் பார்க்காமல் விழுங்கிவிட்டுக் கிளம்பக்கூடிய ஒன்று. அதுதான் ப்ரெப், எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரை. இரக்கத்துக்கு இன்னொரு நல்ல வேலையும் உண்டு. "எனக்காகப் பரிசோதனைக்குப் போவேன்" என்று நினைத்தால் இவர்கள் போகமாட்டார்கள். "அவனுக்கு என்னால் ஒன்றும் வந்துவிடக் கூடாது" என்று நினைத்தால் மறுநாளே போய்விடுவார்கள்.

ரகசியம் காப்பவர்கள் நம்மில் அதிகம். இங்கே பிறந்தவர்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திருமணமாகாதவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும்; அதுவரை பெரும்பாலும் அப்பா அம்மாவோடுதான். விடுதியில் தங்கும் தொழிலாளிக்கோ தனியாக ஒரு அலமாரி இருந்தாலே அதிர்ஷ்டம். ரகசியம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரகசியமாக வாழ்பவர் சந்திப்புகளையும் அவசரமாக, கிடைத்த இடத்தில், கையில் எதுவுமில்லாமல் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பரிசோதனையையும் தள்ளிப்போடுகிறார். 2024-ல் சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் மத்தியில் 151 பேருக்குப் புதிதாக எச்ஐவி பதிவானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் எத்தனை ரகசியங்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே ரகசியம் காக்கும் திறமையைப் பரிசோதனையை மறைக்கப் பயன்படுத்துங்கள், பரிசோதனையிலிருந்து ஒளிந்துகொள்ள வேண்டாம்.

துணிச்சல்காரர்கள் புதிய இடத்துக்கு முதலில் போவார்கள், கிளினிக் கதவையும் முதலில் திறப்பார்கள். அதே துணிச்சல் "ஒரு தடவைதானே" என்றும் சொல்லும். "ஹை ஃபன்" என்று செயலியில் யாராவது எழுதினால் அது போதைப்பொருளோடு சேர்ந்த உறவு, பெரும்பாலும் ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமின். இங்கே இதில் விளையாட்டே இல்லை. உட்கொண்டதற்கே 10 ஆண்டு வரை சிறை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாங்காக்கில் உட்கொண்டுவிட்டுத் திரும்பினாலும் இங்கே குற்றம்தான். ஐஸின் வேகத்தில் ஆணுறை, மாத்திரை, நேரம் எல்லாமே நினைவிலிருந்து போய்விடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு தி கிரீன்ஹவுஸ் என்ற தொண்டமைப்பு போதை மீட்பு உதவி செய்கிறது. நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்தே தொடங்கப்பட்ட இடம் அது.

சிரிக்கவைப்பவர்கள், படித்துத் தெரிந்துகொள்பவர்கள் பற்றி ஒரு வரி. முதலாமவர் கேட்கக் கூச்சமான கேள்வியையும் கேட்டுவிடுவார், இது பெரிய வரம். இரண்டாமவர் எல்லாக் கட்டுரையையும் படித்துவிட்டு எதையும் செய்யாமல் இருப்பார். நண்பரே, இந்தக் கட்டுரையை முடித்ததும் நாள் குறித்துவிடுங்கள்.

மூன்றாவது படி: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஆணுறை. மலிவு, எந்தப் பல்பொருள் கடையிலும் கிடைக்கும், எச்ஐவியோடு மற்ற பால்வினை நோய்களையும் பெருமளவு தடுக்கும். ஒரே ஒரு விஷயம்: தேங்காய் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெய், வாசலின், குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய் எதுவுமே வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழிந்துவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழவழப்புத் திரவம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரெப். எச்ஐவி இல்லாதவர் அது வராமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டாபின் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாக எச்ஐவி தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 99 விழுக்காடு குறைக்கும். இரண்டு விதமாகச் சாப்பிடலாம்.

தினமும் ஒன்று என்பது கட்டுப்பாடுள்ளவர்களுக்கும், எப்போது என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்கும், மறுக்கத் தெரியாத அந்த நல்ல பிள்ளைகளுக்கும் ஏற்றது. பல் துலக்கும்போது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், எதோடாவது சேர்த்துக்கொண்டால் பழகிவிடும். டப்பாவை அறையில் வைக்க முடியாதவர்கள் வாரத்துக்கான மாத்திரையைச் சின்ன மாத்திரைப் பெட்டியில் போட்டுப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். விட்டமினா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தேவைப்படும்போது மட்டும் சாப்பிடுவது இன்னொரு முறை. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அதைச் சாப்பிட்டு 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. இடையில் மறுபடி உறவு நடந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினம் ஒன்று தொடர வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை என்று முன்பே தெரிந்து திட்டம் போடும் முன்யோசனைக்காரர்களுக்கு இது கச்சிதம், செலவும் குறைவு. "வர்றியா?" என்று செய்தி வந்த பத்தாவது நிமிடம் டாக்சி ஏறுகிறவருக்கு இது சரிப்படாது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் இந்த முறையை எடுக்கக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் ஈரல் பாதிக்கப்படலாம்.

எந்த முறையானாலும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். எச்ஐவி இல்லை என்று முதலில் உறுதியாக வேண்டும், சிறுநீரகமும் ஹெபடைடிஸ் பியும் பார்க்க வேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. விலை கிளினிக்குக் கிளினிக் ரொம்பவே மாறுகிறது. தேக்காவில் வெண்டைக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர் இதற்கும் நாலு இடத்தில் போன் போட்டு விசாரிக்கலாம், வெட்கம் வேண்டாம். மருத்துவர் கட்டணமும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

ப்ரெப் எச்ஐவியை மட்டும்தான் தடுக்கும். மேகநோய் எனப்படும் சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா எதையும் தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும், அல்லது அடிக்கடி பரிசோதனை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் முறை ஒன்றும் இப்போது இருக்கிறது. சிஃபிலிஸையும் கிளமிடியாவையும் நன்றாகக் குறைக்கிறது. அது உங்களுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கை நீங்களாக விழுங்காதீர்கள்.

இணைக்கு எச்ஐவி இருக்கிறது, அவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார், வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது என்றால் உறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது. 2019-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இப்படிப்பட்ட 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்தது. ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 76,000 முறை உறவு. இணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. இது தெரிந்தபின்னும் செயலியில் "கிளீன் ஆட்கள் மட்டும்" என்று எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பரிசோதனையே செய்யாமல் தன்னைக் கிளீன் என்று நம்புகிறவர்தான் உண்மையில் கவலைக்குரியவர்.

தடுப்பூசிகளையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2000-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி அரசுத் திட்டத்தில் கிடைத்திருக்க வாய்ப்புக் குறைவு. அதோடு ஹெபடைடிஸ் ஏ, எச்பிவி (பாலுறுப்பு மருவும் சில புற்றுநோய்களும் தரும் வைரஸ்) ஊசிகளையும்.

நான்காவது படி: பரிசோதனைக்குப் போவது

பால்வினை நோய்களுக்கான அரசுக் கிளினிக் டிஎஸ்சி, கிளந்தான் லேனில் இருக்கிறது. தேசியத் தோல் நிலையத்தின் கீழ் இயங்குகிறது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஜாலான் புசார் எம்ஆர்டி பக்கம். நம் ஆட்களுக்கு இது வசதியும் தொல்லையும். ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்தில் தெரிந்த முகம் எதிர்ப்படாமல் இருக்காது. கிளினிக் எப்படியும் வார நாட்களில்தான், அதனால் பயப்பட வேண்டாம். யாராவது பார்த்தால் தோல் டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லலாம், அது முழுப் பொய்யும் இல்லை.

மேலே சொன்ன நல்ல வழி இதுதான்: பெயர் சொல்லாமல் செய்யும் எச்ஐவி பரிசோதனை. 1988-ல் தொடங்கிய ஆக்ஷன் ஃபார் எய்ட்ஸ் என்ற தொண்டமைப்பும், அனுமதி பெற்ற சில தனியார் கிளினிக்குகளும் இதைச் செய்கின்றன. அடையாள அட்டை, பாஸ்போர்ட், பெயர் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு எண் தருவார்கள். உங்கள் பெயரே அங்கே இல்லாதபோது முடிவு முதலாளிக்கோ மனிதவள அமைச்சுக்கோ போய்ச்சேர வழியில்லை. 14,200 பேரின் எச்ஐவி விவரங்கள் கசிந்ததாக 2019 ஜனவரியில் செய்தி வந்ததிலிருந்து பலருக்கு அரசுப் பதிவேடு என்றாலே பயம். அந்தப் பயம் உள்ளவர்கள் இந்த வழியாகவே போகலாம். வெளியில் போகவே முடியாதவர்களுக்கு வீட்டில் செய்துகொள்ளும் சுயபரிசோதனைக் கருவியும் இருக்கிறது.

கம்பெனி பேனல் கிளினிக்குக்கு மட்டும் இதற்காகப் போகாதீர்கள். பில் அலுவலகத்துக்குப் போகும், பில்லில் என்ன எழுதியிருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

உள்ளே போனதும் என்ன கேட்பது? பலர் சிறுநீரும் ரத்தமும் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கொனோரியாவும் கிளமிடியாவும் தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும், சிறுநீரில் தெரியாது. அந்த இடங்களிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குபவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஐ ஹாவ் செக்ஸ் வித் மென். ஐ வான்ட் த்ரோட் அண்ட் ரெக்டல் ஸ்வாப் ஆல்சோ." இதற்கு மேல் எதுவும் விளக்க வேண்டாம். அங்கிருப்பவர்கள் நாள்தோறும் கேட்பதுதான்.

காலக் கணக்கும் முக்கியம். நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்ஐவி ரத்தப் பரிசோதனை என்றால் ஆறு வாரம் கழித்து வரும் முடிவை நம்பலாம். விரல் நுனி ரத்தம், எச்சில் வழியாகச் செய்யும் விரைவுப் பரிசோதனை என்றால் மூன்று மாதம். ஒரே இணையோடு இருப்பவருக்கு வருடம் ஒருமுறை போதும். ஒருவருக்கு மேல் என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தீபாவளி, பொங்கல் என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்காது.

ஐந்தாவது படி: பேச்சை எடுப்பது

நேரில் வாய் வராதவர்கள் செயலியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உடை கழற்றிய பிறகு பேசுவதைவிட, புறப்படும் முன் டைப் செய்வது சுலபம். நீங்கள் உங்களைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்காது. "நான் போன மாசம் செக் பண்ணேன், எல்லாம் ஓகே. ப்ரெப்ல இருக்கேன். நீங்க?" அவ்வளவுதான். "அண்ணா, எனக்கு காண்டம் இல்லாம வேணாம். ஓகேன்னா வர்றேன்" என்று ஒரு வரி போதும், மரியாதையும் கெடாது. எதிரில் இருப்பவர் சலித்துக்கொண்டால் அந்தச் சந்திப்பு அங்கேயே முடியட்டும். நகைச்சுவைக்காரர்கள் இதையே சிரிக்கச் சிரிக்கக் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிலை அப்படியே நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். "போன வாரம் செக் பண்ணேன்" என்பவர் உண்மையைத்தான் சொல்லலாம், மூன்று வாரத்துக்கு முன் நடந்தது அந்த முடிவில் தெரியாமல் இருக்கலாம். ஆகவே பேச்சு என்பது உங்கள் கருவிக்கு மேல் கூடுதல்தான், அதற்குப் பதில் ஆகாது.

தவறிப்போனால்

ஆணுறை கிழிந்தது, மாத்திரையும் சாப்பிடவில்லை, அல்லது உங்கள் விருப்பமில்லாமல் நடந்தது. 72 மணி நேரத்துக்குள், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் என்ற மருந்தைத் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாளைக்கு யோசிக்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். வார நாளில் டிஎஸ்சி அல்லது இதைச் செய்யும் தனியார் கிளினிக், மற்ற நேரத்தில் மருத்துவமனை அவசரப் பிரிவு. செலவு அதிகம்தான். ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு மாதம் குறைந்தாலும் பரவாயில்லை. துணிச்சல்காரர்கள் "ஒண்ணும் ஆகாது" என்பார்கள், ரகசியக்காரர்கள் "யார்கிட்ட சொல்றது" என்பார்கள். மணி ஓடிக்கொண்டிருக்கும்.

எச்ஐவி இருப்பதாக முடிவு வந்தால்? குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் சிகிச்சை தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்திலும் மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு; 2020 செப்டம்பரிலிருந்து எச்ஐவி மருந்துகள் அரசு மானியப் பட்டியலில் சேர்ந்ததால் குடிமக்களுக்குச் செலவு நன்றாகக் குறைந்திருக்கிறது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். தினம் மாத்திரை, வழக்கமான ஆயுள். வெளிநாட்டவராக இருந்தால் பதறிப்போய் உடனே எதையும் பதிவு செய்யாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். முதலில் ஆக்ஷன் ஃபார் எய்ட்ஸ் ஆலோசகரிடம் பேசுங்கள். ஊரில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையங்களில் மருந்து இலவசம். சென்னை தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று. எச்ஐவி உள்ளவரை வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபடுத்தக் கூடாது என்று 2017-ல் இந்தியாவில் சட்டமும் வந்துவிட்டது. திரும்பிப் போக நேர்ந்தாலும் மருந்து ஒருநாளும் நிற்க வேண்டியதில்லை.

மனசு தாங்காத நாட்களுக்கு ஊகாச்சாகா இருக்கிறது. 1999-லிருந்து நம் போன்றவர்களுக்கு ஆலோசனை தரும் அமைப்பு. தமிழில் பேச ஆள் கிடைப்பாரா என்று இரண்டு அமைப்புகளிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும் முன்

கல்யாணமானவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வீட்டில் கட்டிவைத்தார்கள், மனைவி தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ இருக்கிறார், நீங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் போகிறீர்கள். அந்த வாழ்க்கை பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் டிக்கெட் போடும்போதே பரிசோதனைக்கும் நாள் குறித்துவிடுங்கள். கடைசிச் சந்திப்புக்கும் பரிசோதனைக்கும் ஆறு வாரம் இடைவெளி இருக்கட்டும். தொண்டை, ஆசனவாய், சிஃபிலிஸ் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சிஃபிலிஸ் கர்ப்பத்தில் குழந்தைக்கும் போகும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் ஒரு பென்சிலின் ஊசியில் தீரும். ஏதாவது இருந்தால் சிகிச்சை முடித்து, மருத்துவர் சரி என்ற பிறகு விமானம் ஏறுங்கள், அல்லது அதுவரை ஆணுறைக்கு ஒரு காரணம் யோசித்து வையுங்கள்.

ப்ரெப் தினமும் சாப்பிடுபவர்கள் விடுப்பு நாட்களுக்கும் கூடக் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் சீட்டின் நகலோடு. பெட்டியில் போட வேண்டாம், கைப்பையில். ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து பங்கு போடுவது அக்காவும் அண்ணியும்தான் என்பது உங்களுக்கே தெரியும்.